இடது ஓரத்தில் இரண்டெழுத்து

போன வாரம் பையும் கோபமுமாக வந்து இறங்கிய பெண், இன்னும் அத்தை வீட்டை விட்டு நகரவில்லை. பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டாள். கோபத்தை மட்டும் இறக்கி வைக்காமல் கையோடு வைத்திருந்தாள்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். கல்லூரியில் மூன்றாம் வருஷம். பெண்கள் விடுதியை மூடக் கூடாது என்று கல்லூரி வாசலில் உட்கார்ந்த பதினோரு பேரில் ஒருத்தி. பதினோரு பேரையும் தற்காலிகமாக நீக்கியாகிவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் உள்ளே, கொடுக்காவிட்டால் நிரந்தரமாக வெளியே. இந்த உத்தரவில் கையெழுத்துப் போட்ட கல்வி மந்திரி வேறு யாருமில்லை, வாலுவைப் பெற்ற அப்பாதான்.

மந்திரிக்கு அக்கா, வாலுவுக்கு அத்தை. தெருவுக்கு அவள் டைப் அக்கா. முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் தட்டச்சு அடித்து ரிட்டையர் ஆனவள். இப்போதும் முன்னறையில் கம்ப்யூட்டர் ஒன்று, ஜன்னலோரம் உறை போட்ட பழைய டைப்ரைட்டர் ஒன்று. மனு எழுதத் தெரியாதவர்கள் வந்து சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பாள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். ஆளாக்கினதில் கொஞ்சம் அதிகமாகவே ஆளாக்கிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். அக்கா சிரிப்பாள், ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்காது. ஏன் என்று இன்றைக்குத் தெரியப்போகிறது.

"அத்தை, இதக் கொஞ்சம் படிங்க."

"கண்ணாடி எங்கடி?"

"உங்க தலைமேல."

வாலு நீட்டியது ஒரு ஜெராக்ஸ் தாள். அக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தாள். முதல் வரியைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த மார்ஜின் யாருடையது, அந்தப் பத்தி இடைவெளி யாருடையது என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

'நான் செய்த தவறுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.' கீழே தம்பியின் கையெழுத்து. தேதி, முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தியது.

"பிரின்சிபால் நேத்து என்னக் கூப்பிட்டுக் குடுத்தார். 'உங்கப்பாவே குடுத்தவர்தான்மா, இதுல என்ன கௌரவக் குறைச்சல்'னு தட்டிக்குடுத்து அனுப்பறார். எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

அக்கா தாளை மடித்து அவளிடமே நீட்டினாள்.

"நாலாங்கிளாஸ்ல பேச்சுப்போட்டியில நான் என்ன பேசினேன், ஞாபகம் இருக்கா? மன்னிப்புக் கேக்காம காலேஜுக்குள்ள போன ஒரே மாணவன் எங்க அப்பான்னு பேசினேன். முதல் பரிசு குடுத்தாங்க. பொய்க்கு முதல் பரிசு, அத்தை!"

வாலுவைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கதையைக் கேட்டு ஓட்டுப் போட்டவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். மாணவர் தலைவன், சங்கத் தலைவன், கட்சியின் இளைஞர் அணி, கவுன்சிலர், எம்.எல்.ஏ., மந்திரி என்று தம்பி ஏறிய ஒவ்வொரு படியிலும் அந்தக் கதைதான் கைப்பிடி. 'ஒரு தாள் கேட்டார்கள், ஒரு வரி கேட்டார்கள், தரமாட்டேன் என்றேன்' என்று மேடையில் அவன் கையை ஓங்கும்போது பின்வரிசைக்காரன்கூட எழுந்து நிற்பான். அக்காவும் ஒரு கூட்டத்தில் அதைக் கேட்டிருக்கிறாள். பாதியிலேயே தலைவலி என்று எழுந்து வந்துவிட்டாள்.

"இருநூறு காப்பி எடுக்கப்போறேன். அஞ்சு மணிக்கு கேட்ல நின்னு எல்லாருக்கும் குடுக்கப்போறேன். அதுக்கப்புறம் என்னத் தூக்கட்டும். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அடி பெண்ணே, உங்க அப்பனும் போடவில்லை. போட்டவள் நான். அதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். அக்காவுக்கு அந்த மூச்சு வரவில்லை.

"டீ ஆறுது, குடி," என்றாள்.

வாலு டீயைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

*

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அன்றைக்கு அக்காவுக்கு ஆடியது.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு. தம்பிக்கு இருபது. கல்லூரிக் கதவைப் பூட்டி மாணவர்கள் நடத்திய போராட்டத்தில் நாலு பேரைத் தள்ளிவைத்திருந்தார்கள். இரண்டு பேர் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் தம்பியும், அவன் நண்பன் நெட்டையும். இருவரும் எழுத மாட்டோம் என்று ஒரே பிடியாக நின்றார்கள்.

கடைசி நாள் மத்தியானம், கோர்ட்டில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். அக்கா டப்பாவைத் திறக்காமல் மிஷினில் ஒரு தாளைச் சுருட்டினாள். ஐந்து நிமிஷத்தில் கடிதம் அடித்தாகிவிட்டது. கையெழுத்துக்குத்தான் நேரம் ஆனது. வீணான நகல் ஒன்றின் முதுகில் பதினைந்து தடவை போட்டுப் பழகிவிட்டு, பதினாறாவதைக் கடிதத்தில் போட்டாள். கல்லூரிப் பதிவேட்டில் அவனுக்குக் காப்பாளர் அவள்தான். நேரே போய்க் கொடுத்தாள்.

"அவனுக்கு வர வெக்கமா இருக்கு சார். வெளியில தெரிய வேணாம்," என்றாள்.

பிரச்சினை தீர்ந்தால் போதும் என்றிருந்த அந்தக் காலத்துப் பிரின்சிபால் தலையை ஆட்டினார். மறுநாள் தம்பியை உள்ளே விட்டார்கள். நிர்வாகம் பணிந்துவிட்டது என்று மாணவர்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள்.

நெட்டைக்குத் தபாலில் டி.சி. வந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரெண்டு பேருமே எழுதிக் குடுக்கலையே, ஒருத்தனை மட்டும் ஏன் தூக்கினார்கள் என்று ஊர் யோசித்தது. யோசித்து, போராட்டத்தின்போது பரிசோதனைக்கூடத்துக் கண்ணாடிகளை உடைத்தவன் நெட்டையாகத்தான் இருக்கும் என்று தானே ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டது. அவன் ஒரு கண்ணாடியையும் உடைத்தவன் இல்லை. கெமிஸ்ட்ரி லெக்சரர் ஆக வேண்டும் என்று இருந்த பையன், பரிசோதனைக்கூடத்தை உடைப்பானா?

அக்காவை இத்தனை வருஷமாக அரித்தது கள்ளக் கையெழுத்து அல்ல. இன்னொரு தாள் அடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நெட்டையின் கையெழுத்தும் அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அந்த இருபது நிமிஷத்தில் அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள்.

அக்கா திடுக்கிட்டு எழுந்தாள். இருநூறு காப்பி! கல்லூரி வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடை ஒன்றே ஒன்றுதான். அது நெட்டையின் கடை.

*

அவள் ஆட்டோவில் போய் இறங்கியபோது வாலு கடையில் இல்லை. நெட்டை மட்டும் கல்லாவுக்குப் பின்னால் நின்றான். கூரைக்கும் அவன் தலைக்கும் நாலு விரல்கூட இடைவெளி இல்லை. இவ்வளவு உயரமான ஆள் இவ்வளவு சின்னக் கடை ஏன் பிடித்தான் என்று எல்லோரும் கேட்பார்கள். பின்சுவரில் கடை திறப்பு விழாப் படம். ரிப்பன் வெட்டுகிறவன் தம்பி, அப்போதுதான் முதல் தடவை எம்.எல்.ஏ. ஆகியிருந்தான்.

"வாங்கக்கா. உங்க வாலு இப்பத்தான் போச்சு."

"காப்பி எடுத்தாளா?"

"மிஷின் ரிப்பேர்னு சொல்லிட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை இருக்கு, அங்க போயிருக்கு."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவன் வந்து அடையாள அட்டையை நீட்டினான். நெட்டை மூடியைத் தூக்கி, அட்டையை வைத்து, பச்சை விளக்கு ஓட, காப்பியை எடுத்துக் கொடுத்தான். மிஷினுக்கு ஒரு கேடும் இல்லை.

பையன் போனதும் அக்கா கேட்டாள். "எதுக்குப் பொய் சொன்ன?"

"தாளப் பார்த்தேங்கா. கீழ, இடது ஓரம்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கல்லாவைப் பிடித்துக்கொண்டாள்.

கோர்ட்டில் எந்தத் தாளை அடித்தாலும், முடிவில் கீழே இடது ஓரத்தில் ஒரு சாய்கோடு போட்டு, அடித்தவர் பெயரின் முதல் இரண்டெழுத்தைச் சின்னதாகத் தட்ட வேண்டும். தப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிவதற்காக. வருஷக்கணக்கில் தட்டித் தட்டி அது விரலில் ஊறிப்போன பழக்கம். அந்தக் காலத்தில் தம்பியின் கூட்டத்துக்குத் துண்டறிக்கை அடித்தபோதுகூட ஒரு தடவை அப்படித் தட்டிவிட்டாள். 'ஏன்க்கா, போலீசுக்கு நம்ம விலாசத்தையும் சேர்த்துக் குடுத்துடேன்' என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். நெட்டை விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் இருவரும் உட்கார்ந்து முந்நூறு அறிக்கையிலும் அந்த ஓரத்தைக் கத்தரித்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக முப்பத்திரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவள், காம்பை வெளியே விட்டிருக்கிறாள்.

"நீங்கதானா?" என்றான் நெட்டை.

"ஆமா."

"அவனுக்குத் தெரியாமலா?"

"தெரியாம."

நெட்டை ஒரு கட்டுத் தாளை எடுத்து விசிறிவிட்டு, தட்டி அடுக்கி, தட்டில் வைத்தான். ஏற்கெனவே அடுக்கியிருந்த கட்டுதான்.

"எனக்கும் ஒண்ணு அடிச்சிருக்கலாமேக்கா."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"அடிச்சிருந்தா நீ என்னத் திட்டியிருப்ப."

"திட்டியிருப்பேன்," என்றான் நெட்டை. "ஆனா படிச்சிருப்பேன்."

மன்னிச்சுடு என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் இரண்டு பெண்கள் ரெக்கார்டு நோட்டோடு வந்து நின்றுவிட்டார்கள். நெட்டை அவர்கள் பக்கம் திரும்பி, "எத்தனை காப்பிம்மா?" என்றான். அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

*

மூன்றே முக்காலுக்கு வாசலில் கார் நின்றது. கொடி இல்லாத கார், முன்னால் பின்னால் போலீஸ் இல்லை. மந்திரி தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். அக்கா வீட்டுக்கு வரும்போது மட்டும் அவன் நிலைப்படியில் குனிவான். பழைய வீட்டு நிலைப்படி இடித்த ஞாபகம். இந்த வீட்டு நிலைப்படி இடிக்காது.

"பொண்ணு எங்கக்கா?"

"வெளிய போயிருக்கா."

"நல்லதாப் போச்சு." நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பத்துப் பசங்களும் எழுதிக் குடுத்துட்டாங்க. இவ மட்டும்தான் பாக்கி. என் பொண்ணுக்கு மட்டும் நான் சலுகை காட்டினா எதிர்க்கட்சிக்காரன் சும்மா விடுவானா? காட்டலன்னா அவ படிப்புப் போச்சு. ரெண்டு நாளாத் தூக்கமே இல்லக்கா."

அக்காவுக்குப் பாவமாக இருந்தது. அவனை அப்படிப் பார்த்தால் இன்றைக்கும் இருபது வயசுப் பையனாகத்தான் தெரியும். இப்போதே சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினாள். அவன் காலில் விழச் சொன்னாலும் விழலாம்.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ காலேஜ்ல இருந்தப்போ..."

"அதுக்குத்தான்க்கா நானும் வந்தேன்." அவன் ஜன்னலோரத்து டைப்ரைட்டரைப் பார்த்தான். "அந்த மிஷின் ஓடுதா?"

"ஓடுது."

"அவளுக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுத்துடு."

அவளுக்கும். அந்த ஒரு 'உம்' போதும்.

"உனக்குத் தெரியுமா?"

அவன் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டான்.

"எப்பத்திலேர்ந்துடா தெரியும்?"

"அடுத்த வாரமே. பிரின்சிபால் ரூமுக்குப் போனேன், ஃபைல் மேசை மேல திறந்து கிடந்துச்சு. அந்த ஓரத்தைப் பார்த்தேன். உன் ரெண்டெழுத்து."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னுதான்."

"பொய் சொல்லாத. நான் உன்ன வளர்த்தவ."

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். மேடையில் மைக்கை அதட்டுகிற குரல் இப்போது உள்ளே போய்விட்டது.

"அப்ப சங்கத் தேர்தல் வந்துச்சுக்கா. முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் இன்னொரு தேர்தல். எப்பவுமே ஏதாவது ஒரு தேர்தல் இருந்துச்சு."

"நெட்டை?"

"அவனுக்கு நான் கடை போட இடம் வாங்கிக் குடுத்தேனே."

"ரிப்பனும் வெட்டின," என்றாள் அக்கா.

இத்தனை வருஷமும் அவன் மேடையேறும்போதெல்லாம் அவள் வீட்டில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். தெரியாமல் பேசுகிறான் பாவம், பொய்க்காரனாக்கியவள் நான்தானே என்று. அவனுக்காகப் பட்ட வெட்கத்தை எல்லாம் இப்போது யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? அதைவிடக் கொடுமை, தன் பங்கு இதனால் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. அந்த இருபது நிமிஷம் அவளுடையதுதான்.

அக்கா எழுந்துபோய் டைப்ரைட்டரின் உறையைக் கழற்றினாள்.

தம்பி நிம்மதியாக மூச்சுவிட்டான். "சுருக்கமா நாலு வரி போதும். கையெழுத்து அவளோடது கொஞ்சம் கோணல்மாணலா இருக்கும், பாத்துப் போடு. நானே ஆள் விட்டுக் குடுத்துடறேன்."

அவள் இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் வைத்துச் சுருட்டினாள். நாலு வரியில் நிற்கவில்லை, அடித்துக்கொண்டே போனாள். தம்பிக்குச் சந்தேகம் தட்டி எழுந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

'மேற்படி ஆண்டில் என் தம்பியின் பெயரில் தரப்பட்ட மன்னிப்புக் கடிதத்தை அடித்ததும், கையெழுத்திட்டதும், கொண்டுவந்து கொடுத்ததும் நான். அவனோடு சேர்த்துத் தள்ளிவைக்கப்பட்ட மாணவர், என் தம்பி செய்யாத எதையும் செய்தவரல்ல. பரிசோதனைக்கூடத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. தங்கள் பதிவேட்டில் இதைச் சேர்க்கக் கோருகிறேன்.'

"அக்கா! என்ன பண்ற நீ?"

"மனு அடிக்கறேன். என் தொழில் அதுதான்."

"இது வெளிய போனா நான் அவ்வளவுதான்!" கத்தியவன், சட்டென்று குரலை இறக்கினான். மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அவன் முகத்தில் அது ஓடுவதை அவள் சின்ன வயசிலிருந்து பார்த்தவள். "சரி. சரி, அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துடு. தம்பிக்கு இது தெரியாதுன்னு ஒரு வரி. அது போதும், நான் பிழைச்சுக்குவேன்."

காலையில் என்றால் அந்த வரியை அவள் கேட்காமலே அடித்திருப்பாள். காலையில் அது உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் விரல்கள் கட்டைகளின் மேல் நின்றன. தெரியாது என்று ஒரு வரி. ஐந்து விநாடி ஆகாது. வாலு அப்பாவை மன்னித்துவிடுவாள், கட்சி மன்னித்துவிடும், ஊருக்கே மந்திரி மேல் இரக்கம் வந்துவிடும். இப்போதும் அவளுக்குத் தசை ஆடத்தான் செய்தது.

அவள் நாலு வரிக்கு இடம் விட்டு உருளையைத் திருப்பினாள். அதற்குக் கீழே தன் முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் அடித்தாள். பழக்கத்தில் விரல் இடது ஓரத்துக்குப் போனது. சாய்கோடும் இரண்டெழுத்தும் தட்டினாள். பேனாவை எடுத்துத் தன் பெயருக்குத் தன் கையெழுத்தைப் போட்டாள், இரண்டு தாளிலும்.

"ஒண்ணு காலேஜுக்கு. ஒண்ணு நெட்டைக்கு," என்றாள். பிறகு, விட்டிருந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். "இது உன் இடம். தெரியும்னு எழுதறியோ, தெரியாதுன்னு எழுதறியோ, உன் இஷ்டம். ஆனா உன் கையால எழுது. கையெழுத்தையும் இந்தத் தடவை நீயே போடு."

தம்பி பேனாவை வாங்கினான். மூடியைக் கழற்றி, அந்தச் சின்ன வெள்ளை இடத்துக்கு மேலே பிடித்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"அத்தை, பஸ் ஸ்டாண்டுக் கடையில இருநூறு காப்பியும் எடுத்தாச்சு..." கட்டும் கையுமாக உள்ளே வந்த வாலு அப்பாவைப் பார்த்து நின்றுவிட்டாள். அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டு தாள்களைப் பார்த்தாள்.

"என்னப்பா எழுதறீங்க?"

மணி நாலரை. தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா இந்தத் தடவை டீ ஆறுகிறது என்று சொல்லவில்லை.